வாசம் குடிவந்த வீடு

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காத வெள்ளை மணலில், கோடைக்குக் கோடை தர்பூசணியைத் தவிர வேறெதையும் நம்பிப் பழகாத தாழமணல் என்ற ஊரில், ஒரு மாசிக் கடைசியில், பழங்களின் வாசம் பழங்களை விட்டுக் கிளம்பி, மேலத்தெருக் கோடியில் பாஞ்சாலையும் அவள் புருஷன் கோதண்டமும் இருந்த தொகுப்பு வீட்டில் குடியேறியது.

ஊருக்கு அது உடனே தெரியவில்லை. முதல் பறிப்பன்று லாரியோடு வந்த வியாபாரி வழக்கம்போல கறுப்பு உருண்டை ரகத்தில் ஒரு பழத்தை எடுத்துக் காதோரம் வைத்து, விரலால் சுண்டிக் கேட்டு, சரி என்று தலையாட்டிக் கத்தியைப் போட்டார். சதை நல்ல சிவப்பு, விதை நல்ல கறுப்பு, சாறு முழங்கை வரை ஒழுகியது. ஒரு துண்டை வாயில் போட்டவர் மெல்லுவதைப் பாதியில் நிறுத்தி, ஈரத்துணியைக் கடித்தவர் மாதிரி நின்றார்.

"இன்னாய்யா இது? சக்கரைத் தண்ணில பஞ்ச முக்கித் தின்ன மாதிரி இருக்குது."

நீளமான வரிக்காயை அறுத்தார்கள், மஞ்சள் சதை ரகத்தை அறுத்தார்கள், இன்னும் சில வீடுகளில் மட்டும் விதை எடுத்து வைத்துப் போடுகிற நாட்டுக்காயை அறுத்தார்கள். எல்லாம் இனித்தன, எதிலும் பழம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் கையில் இருப்பது கறுப்பா வரியா மஞ்சளா என்று பயிர் போட்டவனாலேயே சொல்ல முடியவில்லை. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

கோதண்டம் தன் அரை ஏக்கர் காட்டிலிருந்து ஒரு கீற்றைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்து, ஒரு கடி கடித்துக்கொண்டே, மீதியை வாசலில் நின்ற பாஞ்சாலையிடம் நீட்டினான். அவள் தின்றுவிட்டு, "எப்பவும் போலத்தானே இருக்குது" என்றாள். கொள்ளைநோய் வருஷத்துக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போனவள் அவள். அதற்கப்புறம் சாம்பார் கொதிப்பதும், பால் பொங்குவதும், மழை வருவதும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் தெரியும். அவளுக்கு எல்லாப் பழமும் இத்தனை காலமாகச் சர்க்கரைத் தண்ணீரில் முக்கிய பஞ்சுதான். அதை யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை, சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்த கோதண்டத்தின் வாயில் இருந்த துண்டு, அந்த நொடியில் தர்பூசணி ஆகிவிட்டது. அவன் வெளியே போனான், பஞ்சு. உள்ளே வந்தான், பழம். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று அவன் போய்வந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பாஞ்சாலை, வெயிலில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொம்பில் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரே ஆளுக்கொரு கீற்றோடு அவள் வீட்டு வாசலில் நின்றது.

அதிசயம் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எங்கே நின்று தின்பது என்பதுதான் முதலில் பிரச்சினை ஆயிற்று. ஏனென்றால் ரகத்துக்கு ரகம் வாசம் தனித்தனியாக இடம் பிடித்திருந்தது. கறுப்பு உருண்டையின் வாசம் முன் அறையில் நிலைக்கதவை ஒட்டி, ஓரத்தில் அறுத்த புல்லும் நடுவில் தேனுமாக நின்றது. வரிக்காய் பரணில் ஏறிக்கொண்டது. மஞ்சள் அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. நாட்டுக்காய் மட்டும் பின்கட்டில், துவைக்கிற கல் பக்கம், யாரோடும் சேராமல் இருந்தது. வரிக்காயைக் கொண்டுபோய் மஞ்சள் மூலையில் நின்று தின்றால் பழுத்த பூசணிக்காயைப் பச்சையாகத் தின்கிற மாதிரி குமட்டியது. ஆகவே வரிசை பிரிக்கப்பட்டது, பரணுக்கு ஏணி போடப்பட்டது, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைக்கச் சொல்லிக் கோதண்டம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனை இத்தனை பேர் ஒரே நாளில் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பழ ஆராய்ச்சி செய்கிற இளம்பெண் ஒருத்தி பெட்டியோடு வந்து, வயலில் சாறு பிழிந்து அளந்தாள், வீட்டுக்குள் காற்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்தாள். "சர்க்கரை எல்லாம் பழத்துல சரியா இருக்குங்க. இனிப்பு நாக்குக்கு, ஆனா இது இன்ன பழம்னு சொல்றது மூக்குதான். பிஞ்சுல பச்சை வாடை தூக்கலா இருக்கும். பழுக்கப் பழுக்க ஒன்பது கார்பன் அணு கோத்த சரடு மாதிரி சில பொருளுங்க கூடிக்கிட்டே வரும், அதைத்தான் நாம தர்பூசணி வாசம்னு சொல்றோம். ரகத்துக்கு ரகம் அதோட கணக்கு மாறும். ரொம்பப் பழுத்தா கெட்ட பூசணி வாடைக்குப் போயிடும். அந்தப் பொருளெல்லாம் இப்போ பழத்துல இல்ல, இந்த வீட்டுல இருக்கு" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, பரணில் ஏறி ஒரு கீற்று வரிக்காய் தின்றுவிட்டுப் போனாள்.

ஏன் என்பதற்கு ஊரிடம் பதில் இருந்தது. வீட்டுக்காரிக்கு மூக்கில்லாத வீடு, நாளெல்லாம் முகர்ந்து முகர்ந்து தேய்த்துவிட ஆள் இல்லை, நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பி வாசம் அங்கே வந்திருக்கிறது. பங்குனிக் கடைசியில் வரும் பெரிய பறிப்புக்குள் அது தானாகப் பழத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை அது பயப்படாமல், கெடாமல், களைத்துப்போகாமல் இருக்க வேண்டும். இதைச் சொன்னவர் துளசிங்கம். ஊரில் அதிகமாகப் பழம் போடுகிறவர், ஊர்க் காரியங்களில் முன்னால் நிற்கிறவர், பாஞ்சாலையைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்.

அவர் சொன்னதிலிருந்து விதிகள் பிறந்தன. அந்த வீட்டில் கருவாடு வறுக்கக் கூடாது. சாம்பிராணி கூடாது, ஊதுவத்தி கூடாது, மல்லிகை கூடாது. பினாயில் ஊற்றக் கூடாது. முக்கியமாக, வாழைப்பழம் வாசலைத் தாண்டக் கூடாது. இது மட்டும் புது விதி அல்ல. தாழமணலில் எந்தக் கொட்டகையிலும் தர்பூசணிக்குப் பக்கத்தில் வாழைத்தாரை வைக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒன்று பழுத்துக்கொண்டிருந்தால் தர்பூசணியின் சதை உடைந்து கொழகொழத்துப் போகும் என்பது நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். துளசிங்கம் தினமும் காலையில் வந்து மூலை மூலையாக மோந்து பார்ப்பார். "வரிக்காயில லேசா பூசணி வாடை தட்டுதே" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஈரச்சாக்கு நனைத்துக்கொண்டு பத்துப் பேர் ஓடிவருவார்கள்.

பாஞ்சாலைக்கோ எதுவும் தெரியவில்லை. காற்று காற்றாகவே இருந்தது. ஊரின் கோடை முழுக்கத் தன் வீட்டுக்குள் நிற்கிறது, அது இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு அவளைத் தின்றது. கதவை வேகமாகத் திறக்கப் பயந்தாள். துணி உதறப் பயந்தாள். தும்மலை அடக்கினாள். அடுப்படியில் நின்றுகொண்டு, "இருக்குதா?" என்பாள். கோதண்டம் மூச்சை இழுத்து, "இருக்குது" என்பான். சோறு வடித்துவிட்டு, "இருக்குதா?" என்பாள். "இருக்குது." பெருக்கி முடித்துவிட்டு, "இருக்குதா?" "இருக்குதுடி, அது எங்க போவப்போவுது." அவன் பதில் கொஞ்சம் தாமதமானால் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து அவன் மூக்கையே பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் நிரோஷா போன் செய்தாள்.

நிரோஷா அவர்களுடைய ஒரே மகள். கார் உதிரிப்பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற புருஷனோடு, கம்பெனிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். மாமியார் உயிரோடில்லை. புருஷனுக்கு இரவு ஷிப்ட். காலெல்லாம் நீர் கோத்து, ரத்த அழுத்தம் கூடி, படி ஏறி இறங்காதே, தனியாக இருக்காதே என்று டாக்டர் கண்டித்திருந்தார். ஏழாம் மாதமே வளையல் போட்டு அழைத்து வந்திருக்க வேண்டும். அப்போது விதைப்புக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை, பங்குனியில் வா என்று சொல்லியிருந்தார்கள்.

"ம்மா, எப்போ வந்து கூட்டினு போற? இங்க என்னால முடியல. எந்த வாடையும் ஆவ மாட்டேங்குது. பக்கத்து ரூம்ல தாளிச்சாக்கூட வாந்தி."

பாஞ்சாலை போனைப் பிடித்தபடி நாலு மூலையையும் பார்த்தாள். பரணில் யாரோ வரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஊர் அவள் வீட்டுக்குள்ளேயே கூடியது. கையில் கீற்றோடுதான் கூடியது.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத" என்றார் துளசிங்கம். "நெறமாசப் பொண்ணுன்னா இன்னா? பழுத்துக்கினு இருக்குற ஒடம்பு. வாழைத்தாரையே உள்ள வுடாதன்றோம். அவள இங்க வச்சா இந்த வாசம் இன்னாத்துக்கு ஆவும்?"

"ஏன் மாமா" என்றாள் பக்கத்து வீட்டுச் சக்குபாய், விதையைத் துப்பிவிட்டு. "உன் பொண்டாட்டி நாலு பெத்தாளே, ஒருதரமாவது உன் கொட்டாய்ல பழம் கொழகொழன்னு போச்சா?"

"அப்போ வாசம் தோலுக்குள்ள இருந்துச்சு. இப்போ அம்மணமா வெளிய நிக்குதே, யோசிச்சுப் பேசு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது சரி என்றே பட்டது. கொட்டகையில் சரியாக இருந்த விதி வீட்டில் எப்படித் தப்பாகும்? தவிரவும், பிள்ளை பிறந்தால் பெற்றவளுக்குக் காயமருந்து கிளறுவார்கள், குளிப்பாட்டிப் புகை போடுவார்கள், பால் வாடை வரும், மூத்திரத் துணி வரும்.

"அப்போ நான் போயி அவகூட இருக்குறேண்ணே" என்றாள் பாஞ்சாலை. அந்தக் கூட்டத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான், அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீ போயிட்டா? உன்ன நம்பித்தானே வந்துருக்குது. நீ ஊர் எல்லைய தாண்டுன மறு நிமிசம் அதுவும் தாண்டிடும். பெரிய பறிப்பு மட்டும் முடியட்டும், உன் பொண்ணை மேளம் வச்சுக் கூட்டினு வரேன், என் பொறுப்பு."

"பறிப்பு வரைக்கும் புள்ள காத்துனு இருக்குமா? அதுக்கும் நீதான் தேதி சொல்வியா?" என்றாள் சக்குபாய். பிறகு பாஞ்சாலை பக்கம் திரும்பி, "யக்கா, என் வூட்டுக்குக் கூட்டினு வா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பாஞ்சாலை போன் செய்து, சக்குபாய் வீட்டில் வந்து இருந்துகொள்ளச் சொன்னாள். "எங்கம்மா வூட்டுல எனக்கு எடமில்ல, பழ வாசத்துக்கு எடமிருக்குது. அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு நிரோஷா வைத்துவிட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாஞ்சாலைக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் வெயில் ஏறியது. கொடியில் காய்கள் பெருத்தன. துளசிங்கத்தின் மூக்கு எல்லா மூலையிலும் பூசணி வாடையைக் கண்டுபிடித்தது. பாஞ்சாலைக்கு இரண்டு பயம், ஒன்று இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. வாசம் போய்விட்டால் ஊர் தன்னை என்ன சொல்லும், தன் அரை ஏக்கர் என்ன ஆகும். மகள் மாடிப்படியில் விழுந்துவிட்டால், வலி எடுக்கும்போது பக்கத்தில் ஆளில்லாவிட்டால். அவள் "இருக்குதா?" என்று கேட்கும்போது எதைக் கேட்கிறாள் என்று கோதண்டத்துக்கே குழப்பமாயிற்று.

ஒருநாள் முற்பகல் போன் அடித்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"நான் கெளம்பிட்டேன்மா. உள்ள சேத்தா சேரு, இல்லனா வாசல்ல உக்காந்து பெத்துக்கறேன்." அதோடு சரி, திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை.

பாஞ்சாலை போனைக் கீழே வைத்தாள். பிறகு வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களிடம், "கொஞ்சம் வெளியவே நில்லுங்க, கூட்டிட்டு வுடுறேன்" என்றாள். பரணில் இருந்தவனை இறங்கச் சொன்னாள். முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பின்கதவைத் திறந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தாள், பரணுக்கு மேலிருந்த சின்ன ஜன்னலைக் குச்சியால் தள்ளித் திறந்தாள். டப்பாவில் கட்டிப் போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்து, எண்ணெய் காயக் காய அள்ளிப் போட்டாள். தணலில் சாம்பிராணியைக் கொட்டி மூலை மூலையாகக் காட்டினாள். புகை எழுவது தெரிந்தது, கருவாடு சிவப்பது தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. ஊரின் கோடையைத் துரத்திக்கொண்டிருக்கிறோம், அது போகிறதா நிற்கிறதா என்று பார்க்கக்கூட நம்மால் முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டே கருவாட்டைப் புரட்டினாள்.

பின்கதவு வழியாகக் கோதண்டம் வந்து நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மூக்கு விரிவதையும் சுருங்குவதையும் பார்த்தாள்.

"பாஞ்சால, நம்ம அரை ஏக்கரும் இதுலதான் இருக்குது."

"தெரியும்."

"ஊரு சும்மா வுடாது."

"தெரியும். இருக்குதா?"

அவன் பழக்கத்தில் மூச்சை இழுத்தான். "மஞ்சளும் நாட்டுக்காயும் போயிடுச்சு. கறுப்பு நவுறுது. வரிக்காய் பரணை வுட்டு அசைய மாட்டேங்குது." சொல்லிவிட்டு வந்த வழியே விறுவிறுவென்று போனான். துளசிங்கத்திடம் சொல்லத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். நினைத்தபடியே கரண்டியைக் கையிலிருந்து விடாமல் நின்றாள். அவன் திரும்பி வந்தபோது தோள் துண்டுக்குள் எதையோ மறைத்திருந்தான். பெட்டிக்கடையில் வாங்கிய பூவன்பழச் சீப்பு, கருகிப் பழுத்தது. ஏணியில் ஏறி அதைப் பரணில் வைத்துவிட்டு, "இதுக்குத்தான் அது ரொம்பப் பயப்படும்" என்றான்.

வாசம் வீட்டை விட்டுப் போனதை முதலில் அறிந்தவன் பின்வேலி ஓரமாக மிச்சக் கீற்றைத் தின்றுகொண்டிருந்தவன். பஞ்சாக இருந்த துண்டு திடீரென்று வாயில் பழமாயிற்று, இரண்டாம் மெல்லுக்கு மறுபடி பஞ்சாயிற்று. "போவுது! தெற்கால போவுது!" என்று அவன் கத்த, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கையிலிருந்த கீற்றைக் கடித்துக்கொண்டே ஓடினார்கள். கடித்ததில் பழம் இருந்தால் சரியான திசை, இல்லாவிட்டால் தப்பான திசை என்று தின்றுகொண்டே ஓடினார்கள், சாறு மார்பில் வழிய, விதையை ஓடும் வழியெல்லாம் துப்பிக்கொண்டு, சக்குபாய் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி இரண்டு கையிலும் இரண்டு ரகத்தோடு. கிழவர் குழந்தை மிச்சமில்லாமல் மேலத்தெருவும் கீழத்தெருவும் காலியாகி உப்பளக் கரை வழியே காட்டுப் பக்கம் போய் மறைந்தன.

ஆட்டோவில் வந்து இறங்கிய நிரோஷாவை ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. பையைத் தூக்கவும் ஆளில்லை.

"ஊரே காலியா கெடக்குது, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள், இடுப்பில் கைவைத்தபடி.

"எல்லாம் பழம் திங்கப் போயிருக்காங்க. நீ உள்ள வா" என்றாள் பாஞ்சாலை. மகளின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். வாசற்படியில் நிரோஷா நின்று ஒரு மூச்சு இழுத்தாள். மூக்கு சுருங்கவில்லை.

"கருவாடா? சோறு இருக்குதா?"

அவள் தின்று முடித்துக் கை கழுவுகிற நேரத்துக்கு ஊர் திரும்பி வந்தது. சத்தம் போடாமல் வந்தது, அதுதான் பாஞ்சாலைக்குப் பயமாக இருந்தது. கதவைத் திறந்தபோது துளசிங்கம் முன்னால் நின்றார், முழங்கால் வரை மண், கையில் புதிதாகப் பறித்த ஒரு கறுப்பு உருண்டை. காட்டுக்கு மேலே போனதும் வாசம் தாழ்ந்து, கொடிகளுக்குள் இறங்கி, காணாமல் போய்விட்டதாம். பழத்துக்குள் போயிற்றா, மண்ணில் செத்துப்போயிற்றா என்று தெரியவில்லை. அறுத்துத் தின்று பார்த்தார்கள். ஆனால் நாள்கணக்காக இந்த வீட்டிலேயே தின்று பழகிய மூக்கு, இல்லாததையும் இருப்பதாகச் சொல்கிறது. ஒருவன் இருக்கிறது என்றான், ஒருவன் இல்லை என்றான், கைகலப்பு வரை போய்விட்டதாம்.

"தங்கச்சி, உன்ன அப்புறம் பேசிக்கறேன்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "யம்மா நிரோஷா, பக்கத்து ரூம்ல தாளிச்சாலே உனக்குத் தெரியுமாமே. இதக் கொஞ்சம் பாரும்மா. உன் அப்பன் காட்டுதுதான்" என்று கத்தியைப் போட்டு ஒரு கீற்றை நீட்டினார்.

"புள்ள பெக்க வந்தா பழம் பாக்கச் சொல்றீங்க" என்று முனகிக்கொண்டே நிரோஷா வாங்கிக் கடித்தாள். வாசலிலும் தெருவிலும் வேலியோரத்திலும் நின்ற அத்தனை பேரும் அவள் தாடை அசைவதையே பார்த்தார்கள். பாஞ்சாலையும் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலுக்கு வெப்பமானியை வைத்துவிட்டு இந்த முகத்தையே இப்படிப் பார்த்திருக்கிறாள்.

"இனிப்பு இருக்குது. வேற ஒண்ணும் இல்ல." கூட்டத்தில் யாரோ தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். "இரு, இரு. கடேசில ஒண்ணு வருது. பச்சையா. வெள்ளரிப் பிஞ்சக் கிள்ளுனா வருமே, அது."

துளசிங்கம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பிஞ்சு" என்றார். "உள்ள போயிருக்குது. மறுபடி மொதல்லருந்து பிஞ்சு வச்சிருக்குது." சத்தம் தெருக்கோடி வரை பரவியது. பிஞ்சு, பிஞ்சு என்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. அழுதவர்களும் இருந்தார்கள்.

அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. பிஞ்சு எப்போது முற்றும்? அதற்குள் மழை பிடித்துக்கொண்டால்? கிழக்கே கடல்மேல் கறுப்பாக ஏதோ நின்றது. காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் நிரோஷா தின்று பார்த்துச் சொல்லட்டும் என்றான் ஒருவன். எல்லா ரகமும் பார்க்க வேண்டாமா என்றான் இன்னொருவன். அப்படியானால் அவள் வேறு எதையும் தின்னக் கூடாது, கருவாடு கூடாது, பரணில் தெரிகிற அந்த வாழைப்பழத்தை முதலில் எடுங்கள் என்று பேசிக்கொண்டே அவர்கள் படியேறினார்கள், நிலையைத் தாண்டினார்கள், பழங்களைத் தரையில் உருட்டினார்கள். ஒருவன் அதை எடுக்கப் பரணுக்கு ஏணியைக்கூடச் சாய்த்துவிட்டான். நிரோஷா சுவரோடு ஒட்டி, வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

பாஞ்சாலை நடுவில் போய் நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே, பிஞ்சுதான்னு தெரிஞ்சப்புறம் நாம யாராவது காட்டுல எறங்குவோமா?"

மற்றவர்களோடு உள்ளே வந்து நின்ற துளசிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"கொடி மிதிபட்டா பிஞ்சு நிக்காதுன்னு பெத்த புள்ளையக்கூட வரப்புக்கு அந்தாண்டதானே நிறுத்துவோம். முத்துற வரைக்கும் ஒருத்தரும் உள்ள கால் வைக்க மாட்டோம் இல்ல? இங்கயும் பிஞ்சுதாண்ணே இருக்குது. வெளிய எறங்குங்க."

துளசிங்கம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பிறகு அவர் ஒரு காலை உயரத் தூக்கி, எதையும் மிதித்துவிடாமல் இடம் பார்த்துப் பின்னால் வைத்தார், அடுத்த காலையும் அப்படியே. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக, வேட்டியையும் புடவையையும் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் சிமெண்டுத் தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒருவர் காலடி பட்ட இடத்திலேயே அடுத்தவர் காலடி வைத்து, கொடிகளுக்கு நடுவிலிருந்து வெளியேறுகிற மாதிரி தெரு வரைக்கும் பின்னாலேயே நடந்து போனார்கள்.